நாடாவில் ஏறாத குரல்

திருவருகைக்காலத்தின் முதல் மெழுகுதிரி ஏற்றப்படும் நாள்களில் மாத்தளைக் கடைவீதியால் நடந்து செல்பவர்கள் ஒரு குரலைக் கேட்காமல் வீடு திரும்புவது அரிது. துணிக்கடை வாசலில் அது ஒலிக்கும்; வெதுப்பகத்தில் ஒலிக்கும்; முச்சக்கர வண்டியொன்று அதை இசைத்தபடியே நம்மைக் கடந்து போகும். கடைக்குச் சொந்தக்காரர் பௌத்தராக இருப்பார், இந்துவாக இருப்பார், இஸ்லாமியராக இருப்பார். ஆயினும் அந்தக் குரல் வந்துவிட்டால் நத்தார் வந்துவிட்டது என்று ஊர் முழுவதும் அறிந்துகொள்ளும். முன்பு அது இசைத்தட்டில் வந்தது. பின்பு ஒலிநாடாவில் வந்தது. அதன் பின் இறுவட்டில் வந்தது. இன்று கைத்தொலைபேசியில் வருகிறது. கருவிகள் மாறின. குரல் மாறவில்லை.

அந்தக் குரலுக்கு உரியவர் ஜிம் ரீவ்ஸ். 'கன்ட்ரி' இசை எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசை மரபில் வந்த பாடகர். 1963ஆம் ஆண்டு பன்னிரண்டு கிறிஸ்து பிறப்புப் பாடல்களை ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார். மறு ஆண்டே இறந்துபோனார். 'ஜிங்கிள் பெல்ஸ்' போன்ற விளையாட்டுப் பாடல்களும், 'சைலன்ட் நைட்' போன்ற பக்திப் பாடல்களும் அந்த ஒரே தட்டில் உண்டு. அன்று இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு வழியாக நம் நாட்டு வீடுகளுக்குள் நுழைந்த அந்தக் குரல் இன்றுவரை வெளியேறவில்லை. ஆங்கிலம் அறியாத எத்தனையோ தோட்டத்துப் பாட்டிமார் அந்த மெட்டுகளை முணுமுணுக்க நான் கேட்டிருக்கிறேன்.

அன்பார்ந்த வாசகர்களே, உலகில் பெரிய குரல்கள் ஆயிரம் உண்டு. அவற்றுள் இந்த ஒரு குரல் மட்டும் மலையேறி வந்து நம் லயங்களில் தங்கியது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், நம் சொந்தக் குரலைப் பற்றிய ஒரு பாடமும் நமக்குக் கிடைக்கும்.

ஜிம் ரீவ்ஸ் 1923ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்தின் கலோவே என்ற சிற்றூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தந்தையின் குரல் எப்படி இருக்கும் என்று அறியாமலே வளர்ந்த பிள்ளை அவர். இளமையில் பேஸ்போல் விளையாட்டு வீரராக வரவேண்டும் என்பதே அவரது கனவு. காயமொன்று அந்த வழியை அடைத்துவிட்டது. பிழைப்புக்காக வானொலி அறிவிப்பாளர் ஆனார். பாடவும் செய்தார். 1953இல் 'மெக்சிகன் ஜோ' என்ற பாடல் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அக்காலத்து வழக்கப்படி உரத்தும் விரைந்தும் பாடப்பட்ட துள்ளல் பாடல் அது. இன்று நாம் கேட்டால், இவர்தானா அவர் என்று ஐயுறுவோம்.

1957இல் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 'ஃபோர் வோல்ஸ்' என்ற பாடலைப் பதிவு செய்தபோது அவர் ஒலிவாங்கிக்கு மிக அருகே, உதடுகள் அதைத் தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கி நின்று, குரலைத் தணித்துப் பாடினார். கன்ட்ரி இசையை இப்படிப் பாடலாமா என்று தயங்கியவர்கள் இருந்தார்கள். தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் அவருக்குத் துணை நின்றார். பாடல் பெருவெற்றி பெற்றது. அதன் பின் அவர் பழைய உரத்த குரலுக்குத் திரும்பவே இல்லை. 1959இன் இறுதியில் வெளிவந்த 'ஹீ'ல் ஹேவ் டு கோ' பாடல் மறு ஆண்டு அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பட்டியலில் பதினான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 'ஜென்டில்மன் ஜிம்' என்று மக்கள் அவரை அழைத்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒலிப்பதிவின் தொடக்க காலத்தில் மின்சார ஒலிவாங்கி கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய கொம்புக் குழாயின் முன் நின்று உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வின் வலிமையே ஊசியை அசைத்துத் தட்டில் பள்ளம் கீறும். மெல்லப் பாடியவரின் குரல் தட்டில் ஏறாது. 1925ஆம் ஆண்டளவில் மின்சார ஒலிப்பதிவு வந்தபோதுதான் மெல்லிய குரலுக்கும் இடம் கிடைத்தது. அதே 1925இல்தான் கொழும்பிலும் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. கத்தினால்தான் கேட்கும் என்ற காலம் முடிந்துவிட்டது. ஆனால் அது முடிந்துவிட்டதை உணர்ந்துகொள்ளப் பாடகர்களுக்கே பல ஆண்டுகள் பிடித்தன. நமக்கோ, இன்னும் பிடிபடவில்லை!

குரல் தணிந்தபோது அது எவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் கவனியுங்கள். 1958இலும் 1962இலும் அவர் பக்திப் பாடல்களுக்கென்றே இரு இசைத்தட்டுகளை வெளியிட்டார். தோமஸ் டோர்சி என்ற கறுப்பின இசைஞர் 1932இல் இயற்றிய 'டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லோட்' என்ற பாடல் ரீவ்ஸின் பதிவுகளில் முக்கியமான ஒன்று. டோர்சி வெளியூரில் இருந்தபோது, அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்தார். பிறந்த மகனும் உடனே இறந்துபோனான். அந்தத் துயரில் பிறந்த மன்றாட்டு அது. அத்தகைய பாடலை நெஞ்சில் அறைந்துகொண்டும் பாடலாம். ரீவ்ஸ் அதைப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் காதில் சொல்வதுபோலப் பாடினார். மரண வீடுகளில் அவருடைய பக்திப் பாடல்கள் ஒலிப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அழுது களைத்த வீட்டுக்கு உரத்த குரல் உதவாது அல்லவா?

இனி, இந்தக் குரல் எனக்குச் சொல்லித் தந்த பாடத்தைக் கூறுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் பங்கு இல்லத்துக்கு வந்தார். மத்திய கிழக்குக்கு வேலைக்குச் செல்ல இரண்டு வாரங்களே இருந்தன. கையில் பழைய ஒலிநாடா ஒன்று. "சாமி, உங்ககிட்ட இதைப் போடுற பெட்டி இருக்குன்னு சொன்னாங்க" என்றார். அலுமாரிக்கு மேலே தூசி படிந்திருந்த கருவியை இறக்கினோம். சிக்கியிருந்த நாடாவைப் பென்சிலால் சுற்றிச் சரிசெய்து போட்டோம்.

ஜிம் ரீவ்ஸ் பாடினார். ஆனால் அவர் தனியாகப் பாடவில்லை. தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை இருமியது. எங்கோ நாய் குரைத்தது. காரணம் எளியது. அந்த வீட்டில் ஒரு வானொலி இருந்தது; ஒலிப்பதிவுக் கருவி இல்லை. நகரத்துக் கடையில் வேலை பார்த்த மூத்த மகன் தன் முதலாளியிடமிருந்து ஒரு கருவியை இரவல் வாங்கி வந்து, வானொலிக்கு எதிரே வைத்துப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே பாடலோடு சேர்ந்து அந்த லயத்துக் காம்பராவும் நாடாவில் ஏறிவிட்டது.

பாடலின் நடுவில் திடீரென்று ஓர் ஆணின் குரல் வெடித்தது. "பற்றரி என்ன ஆகாயத்துல இருந்தா விழுது? நிறுத்து அதை!" அதைத் தொடர்ந்து இங்கு எழுத இயலாத ஒரு சொல். பிறகு 'டக்' என்ற ஒலி. பதிவு அத்துடன் முடிந்துவிட்டது.

"அதுதான் எங்க அப்பா, சாமி" என்றார் இளைஞர். தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. அந்தச் சில விநாடிகளே எஞ்சியிருக்கின்றன. வெளிநாடு போகும்போது தந்தையின் குரலைக் கைத்தொலைபேசியில் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது மகனின் ஆசை. "இதை வெட்டினா அப்பா குரலே இல்லாமப் போயிரும். வெட்டாம விட்டா, அப்பா கத்திக்கிட்டேதான் இருப்பாரு. என்ன செய்யலாம், சாமி?"

எனக்கு விடை தெரியவில்லை. குருமடத்தில் கற்ற எந்தப் பாடமும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

அந்தக் கேள்வியோடு அன்றிரவு ஜிம் ரீவ்ஸின் வரலாற்றை எண்ணிப் பார்த்தேன். 1964ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி, தாமே ஓட்டிச் சென்ற சிறிய விமானம் நாஷ்வில் நகருக்கு அருகே புயல்மழையில் சிக்கி விழுந்ததில் அவர் இறந்தார். அவருடன் பயணம் செய்த பியானோக் கலைஞர் டீன் மனுவலும் இறந்தார். அவர்களைக் கண்டுபிடிக்கவே இரு நாள்கள் ஆகின. ரீவ்ஸுக்கு அப்போது வயது நாற்பது. ஆனால் அவரது குரல் அதன் பின்னரும் புதிய பாடல்களாக வெளிவந்துகொண்டே இருந்தது. அவர் பதிவு செய்து வைத்திருந்தவற்றை அவருடைய மனைவி மேரி பல ஆண்டுகள் பேணிக் காத்தார். 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' என்பது பாடலாசிரியர் ஒருவருக்காக அவர் பாடிக் கொடுத்த வெறும் மாதிரிப் பதிவு. அதற்குப் புதிய பின்னணி இசை சேர்க்கப்பட்டு, 1966இல் அது இங்கிலாந்தில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1981இல் அதைவிட வியப்பான ஒன்று நடந்தது. 1963இல் வேறொரு விமான விபத்தில் இறந்த பாடகி பற்சி கிளைன் என்பவரின் குரலையும், ரீவ்ஸின் குரலையும் பழைய நாடாக்களிலிருந்து தனியே பிரித்தெடுத்து, இருவரும் சேர்ந்து பாடுவதுபோல் ஓர் இசைத்தட்டை உருவாக்கினார்கள். பாடகரின் குரல் ஒரு தடத்திலும் வாத்தியங்கள் மற்றத் தடங்களிலுமாகப் பதிவு செய்யப்பட்டிருந்ததால் இது சாத்தியமாயிற்று.

சற்றுச் சிந்தியுங்கள். வாத்தியங்கள் அனைத்தையும் நீக்கிய பின் எஞ்சியிருப்பது குரல் மட்டுமே. அந்தக் குரலில் இனிமை இருந்ததால், அதைச் சுற்றி எந்த இசையை அமைத்தாலும் பொருந்தியது. நம்மையும் ஒருநாள் அப்படித்தான் பிரித்தெடுப்பார்கள். பதவி, வீடு, பணம், பட்டம் ஆகிய பின்னணி இசையெல்லாம் நீங்கிவிடும். பிள்ளைகளின் நினைவில் நம் குரல் மட்டும் தனித்து நிற்கும். அது எந்தக் குரலாக இருக்கும்?

மறுநாள் அந்த இளைஞரோடு தோட்டத்துக்குச் சென்றேன். அவருடைய தாய் இஸ்தோப்பில் அமர்ந்திருந்தார். மகன் நாடாவைப் பற்றிச் சொன்னதும் அந்த முதிய தாய் சிரித்தார். பின் கண்களைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு அவருக்கு அரைப்பேர்தான் போட்டாங்க, சாமி. மழையில நனைஞ்சு வந்தாரு. நத்தாருக்குப் புள்ளைகளுக்குத் துணி எடுக்கணும். கையில காசு இல்ல. அந்தக் கோவத்துல கத்திட்டாரு. மறுநாள் விடிய எந்திரிச்சு இரத்தோட்டைக்கு நடந்து போயி, நாலு பற்றரி வாங்கிக்கிட்டு வந்து, 'அந்த வெள்ளைக்காரன் பாட்டைப் போடுங்கடா' ன்னாரு. இந்தா, இந்த இடத்துல உக்காந்துதான் கேட்டாரு. அதுக்குள்ள அந்தப் பெட்டியத் திருப்பிக் குடுத்தாச்சு. அதனால அது நாடாவுல ஏறல்ல."

அது நாடாவில் ஏறவில்லை! அன்பார்ந்தோரே, அந்த ஒரு சொல்லில் நான் எத்தனையோ மறையுரைகளைக் கண்டேன்.

மகனுக்கு இது அதுவரை தெரியாது. அவர் அப்போது இருமிக்கொண்டிருந்த கைக்குழந்தை. இத்தனை ஆண்டுகளாக அவர் அறிந்திருந்த தந்தை அந்தச் சில விநாடிகளின் தந்தை மட்டுமே. கோபம் பதிவாகிவிட்டது, மன்னிப்புப் பதிவாகவில்லை. பெரும்பாலான குடும்பங்களின் கதை இதுதான் அல்லவா? நாம் சுடுசொல்லை உரத்துச் சொல்கிறோம். அன்பையோ சொல்லாமலே விட்டுவிடுகிறோம். கத்தியதைப் பக்கத்துக் காம்பராவும் கேட்கிறது. வருந்தியதை மனைவி மட்டுமே அறிகிறாள். சாட்டையடி உடலில் தழும்பை உண்டாக்கும், நாவின் அடியோ எலும்பையே முறிக்கும் என்னும் கருத்தில் சீராக்கின் ஞானநூல் எச்சரிப்பது இதனாலன்றோ (சீராக் 28:17).

இறைவன் எந்தக் குரலைத் தெரிந்துகொண்டார் என்று பாருங்கள். ஓரேபு மலையில் இறைவாக்கினர் எலியா நின்றபோது பெருங்காற்று வீசியது, நிலம் நடுங்கியது, தீ எழுந்தது. இவை எதிலும் ஆண்டவர் இல்லை. அனைத்தும் ஓய்ந்த பின் மெல்லிய ஒலி ஒன்று எழுந்தது. அதைக் கேட்டபோதுதான் எலியா தம் முகத்தை மூடிக்கொண்டார் (1 அரசர் 19:11-13). வரவிருக்கும் ஊழியர் தெருவில் கூக்குரலிட மாட்டார் என்று எசாயாவும் முன்னறிவித்தார் (எசாயா 42:2). அவர் வந்தபோது எப்படி வந்தார்? பேச்சறியாக் குழந்தையாக வந்தார். இலத்தீன் மொழியில் குழந்தையைக் குறிக்கும் 'இன்ஃபான்ஸ்' என்ற சொல்லுக்கே 'பேசாதவர்' என்றுதான் பொருள். தொடக்கத்திலேயே இருந்த வாக்கு பேச்சற்ற குழந்தையாகித் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டது. விண்ணையும் மண்ணையும் ஒரு சொல்லால் படைத்தவர் தம் குரலை அந்த அளவுக்குத் தணித்துக்கொண்டார். நாமோ அவருடைய பிறப்பு விழாவை ஒலிபெருக்கி கட்டிக் கொண்டாடுகிறோம்!

நான் ஜிம் ரீவ்ஸைப் புனிதராக்க முற்படவில்லை. அவர் காதல் பாடல்களும் பாடினார், புகழையும் தேடினார். ஆனால் தணிந்த குரல் தொலைதூரம் செல்லும் என்பதை அவருடைய பதிவுகள் மெய்ப்பிக்கின்றன. ஆபேல் இறந்த பின்னும் தன் நம்பிக்கையால் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்கிறது எபிரேயர் திருமுகம் (11:4). ஆபேலுக்கு இசைத்தட்டு ஏது? நம் முன்னோருக்கும் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த அந்த மக்களின் குரல் எந்த நாடாவிலும் இல்லை. 2023ஆம் ஆண்டு அவர்களின் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து வந்தபோது, பதிவாகாத அந்தக் குரல்களைத்தான் நான் எண்ணிக்கொண்டேன். மனிதர் பதிவு செய்யாதவற்றையும் இறைவன் கேட்டிருக்கிறார். அரைப்பேர் வாங்கி நனைந்து வந்தவரின் கோபத்தை மட்டுமல்ல, விடியற்காலையில் பற்றரி வாங்க இறங்கிச் சென்ற காலடி ஓசையையும் அவர் கேட்டிருக்கிறார். இதுவே நம் நம்பிக்கை.

ஆயினும் அதையே சாக்காகக் கொள்ளலாகாது. இறைவனுக்கு எல்லாம் கேட்கும். பிள்ளைகளுக்கு நாம் சொன்னது மட்டுமே கேட்கும். அண்மையில் என் மறையுரையை இளைஞர் ஒருவர் பதிவு செய்து எனக்கு அனுப்பினார். திருப்பலிக்குத் தாமதமாக வந்தவர்களைக் கடிந்துகொண்ட என் குரலை நானே கேட்டேன். சொன்ன கருத்தில் பிழையில்லை. ஆனால் நாளை நான் இறந்து, என் மக்களிடம் அந்த ஒரு பதிவு மட்டும் எஞ்சினால்? அன்று முதல் ஒலிவாங்கியின் முன் நிற்கும்போதெல்லாம் அந்த லயத்துக் காம்பராவை நினைத்துக்கொள்கிறேன். ஒலிவாங்கி இருக்கும்போது கத்துவானேன்?

அந்த இளைஞர் இறுதியில் என்ன செய்தார் என்று அறிய விரும்புவீர்கள். அவர் எதையும் வெட்டவில்லை. பாடலை, மழையை, தந்தையின் கோபத்தை அப்படியே கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டார். பிறகு தாயின் முன் அமர்ந்து, அந்த நாலு பற்றரிகளின் கதையை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லி, அதன் தொடர்ச்சியாகவே பதிவு செய்துகொண்டார். இப்போது அந்தப் பதிவு கோபத்துடன் முடிவதில்லை.

வாசகர்களே, இந்த நத்தாருக்கு நீங்களும் அப்படி ஒன்றைச் செய்யலாம். உங்கள் வீட்டு முதியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்களின் குரலைப் பதிவு செய்து வையுங்கள். ஆண்டுக்கணக்கில் கோபத்தோடு நின்றுபோன உறவு ஏதேனும் இருந்தால், அதன் தொடர்ச்சியை நீங்களே தணிந்த குரலில் சொல்லி முடியுங்கள். மறுநாள் பற்றரி வாங்கி வந்த அன்பு உங்களிடமும் இருக்கும். அதை மனத்துக்குள் வைத்திராமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளின் நெஞ்சில் அதுவும் ஏறட்டும்.

பேசாக் குழந்தையாக நம்மிடம் வந்த ஆண்டவர் நம் நாவுகளைத் தணித்து, நம் இல்லங்களை அமைதியால் நிரப்புவாராக.